ஒரு பைல், இரண்டு முகவரி

மன்னார்க்காட்டிலிருந்து முக்காலி வழியாக அகளிக்கு ஏறும் மலைச்சாலை, மழைக்காலத்தில் மண் சரிந்தால் அடைபட்டுவிடும். அந்த நாட்களில் இணையத்தையும் நம்ப முடியாது. எனவே அட்டப்பாடி மலையில் உள்ள ஒரு பள்ளியின் கம்ப்யூட்டர் அறைக்கு, வேண்டிய மென்பொருளை முன்கூட்டியே ஒரு ஹார்ட் டிஸ்க்கில் நிரப்பி மேலே கொண்டுபோய்விடுவதுதான் புத்திசாலித்தனம்.

சட்டச் சிக்கல் எதுவும் இல்லை. 2001இல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் (2017 முதல் கைட் என்ற அரசு நிறுவனம்) கேரளப் பள்ளிகளை லினக்ஸ் பக்கம் திருப்பிவிட்டது. 2019இல் கைட் வெளியிட்ட பதிப்பு, உபுண்டு 18.04ஐ அடிப்படையாகக் கொண்டது. யாரும் பிரதி எடுக்கலாம். டிஸ்க்கில் இடம் வேண்டும், அவ்வளவுதான்.

பழைய 32 பிட் இயந்திரங்களும் புதிய 64 பிட் இயந்திரங்களும் கலந்து கிடக்கும் அறை என்றால் இரண்டு களஞ்சியங்கள் தேவை. ஆனால் எழுத்துருக்கள், படங்கள், உதவிக் குறிப்புகள் அடங்கிய பேக்கேஜ்களுக்கு பிராசஸர் பேதம் கிடையாது. டெபியன், உபுண்டு பேக்கேஜ்களில் பெயரின் கடைசியில் 'ஆல்' என்றிருப்பவை இந்த ரகம். அவற்றை இரண்டு முறை சேமிப்பானேன்? ஓரிடத்தில் பைலை வைத்துவிட்டு, மற்ற இடத்தில் 'அங்கே போய்ப் பார்' என்று ஒரு சீட்டு வைத்தால் போதும். யூனிக்ஸ்காரர்கள் இதை சிம்லிங்க் என்பார்கள். டெபியனே 1990களில் தன் களஞ்சியத்தை இப்படித்தான் நடத்தியது. 2000இன் இறுதியில்தான் பேக்கேஜ்களை ஒரே குளத்தில் போட்டு, பதிப்புக்கொரு பட்டியல் வைக்கும் முறைக்கு மாறத் தொடங்கியது.

நூற்றுக்கணக்கான சீட்டுகளைக் கையால் எழுத முடியாது. பத்து வரி ஷெல் ஸ்கிரிப்ட் அதைச் செய்துவிடும்: 'ஆல்' பேக்கேஜ் ஒவ்வொன்றையும் எடு, அடுத்த டைரக்டரியில் அதே பெயர் இருக்கிறதா பார், இருந்தால் 'சிஎம்பி' கட்டளையால் இரண்டையும் ஒப்பிடு, ஒன்றேயானால் ஒரு நகலை அழித்து, 'எல்என் -எஸ்' கட்டளையால் சுட்டியை வை. ஒப்பிடும் வரியைச் சோம்பலில் விட்டுவிடுபவர்கள் உண்டு. பாதியில் அறுந்த டவுன்லோடுக்கும் பெயர் முழுசாகத்தான் இருக்கும்! ஸ்கிரிப்ட் அறுந்ததை வைத்துக்கொண்டு நல்லதை அழித்துவிட்டால், பிறகு நிறுவும்போது 'ஆப்ட்' அளவு பொருந்தவில்லை என்று கைவிரிக்கும். அப்போது திரும்பத் தரவிறக்க மலையில் இணைப்பு இருக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய பொறி, முகவரி. சுட்டியில் முழு முகவரியை எழுதினால், டிஸ்க்கை வேறு கம்ப்யூட்டரில் வேறு பெயரில் இணைத்ததும் அத்தனை சுட்டிகளும் அந்தரத்தில் தொங்கும். கீழே கச்சிதமாக வேலை செய்த களஞ்சியம் மேலே போனதும் 'அப்படி ஒரு பைல் இல்லை' என்று சாதிக்கும். 'ஒரு படி மேலேறி, பக்கத்து டைரக்டரிக்குப் போ' என்பதுபோல் சார்பு முகவரி கொடுத்தால் டிஸ்க் எங்கே போனாலும் சுட்டியும் கூடவே போகும். 'எல்என்' கட்டளையில் '-எஸ்' உடன் '-ஆர்' சேர்த்தால் கணக்கை அதுவே போட்டுக்கொள்ளும்.

பென் டிரைவ் தனிக் கதை. பெரும்பாலும் அதிலிருப்பது ஃபேட் 32. அதற்கு சிம்லிங்க் என்றால் என்னவென்றே தெரியாது. அதற்கு மாற்றும்போது 'சிபி' கட்டளையில் '-எல்' (பெரிய எழுத்து) கொடுத்து அசல் பைல்களையே நகலெடுக்க வேண்டும். மிச்சம் பிடித்த இடம் அங்கே போய்விடும், வேறு வழியில்லை.

டிஸ்க்கைப் பையில் போடுமுன் வேறொரு கம்ப்யூட்டரில் செருகி, 'ஃபைண்ட்' கட்டளையை '-எக்ஸ்டைப் எல்' என்று ஓட்டினால் உடைந்த சுட்டிகள் மட்டும் வரிசையாக வரும். திரையில் ஒன்றும் வராவிட்டால் மன்னார்க்காட்டில் பஸ் ஏறலாம்.