இரண்டு வாரம் கடந்தும் மாறாத மஞ்சள்: பித்தநாள அடைப்பைக் காலத்தில் கண்டறிவது குறித்த நிலைப்பாட்டு அறிக்கை

பிறந்து 14 நாள் கடந்தும் மஞ்சள் மாறாத ஒவ்வொரு குழந்தைக்கும், அது நன்றாகப் பால் குடித்து எடை கூடி வந்தாலும், இரத்தத்தில் நேரடி பிலிரூபினின் அளவைப் பார்த்தே ஆக வேண்டும் என்பதும், அந்த அளவு கூடியிருந்தால் அதே வாரத்தில் அக்குழந்தை குழந்தை அறுவை மருத்துவரிடம் போய்ச் சேர வேண்டும் என்பதும் திருப்பரங்குன்றம் வட்டாரத்தில் குழந்தைகளுக்கு மருத்துவம் பார்ப்போரின் இவ்வமைப்பு எடுத்துள்ள நிலைப்பாடு. குழந்தை அறுவைத் துறையில் அண்மைக் காலத்தில் வெளிவந்த ஆய்வுகள் பல, பெரிய மருத்துவமனையின் அறுவை அரங்குக்குள் நடப்பதைப் பற்றியவை. பித்தநாள அடைப்பு குறித்த ஆய்வுகளோ ஆரம்ப சுகாதார நிலையத்திலும் தெருமுனைக் கிளினிக்கிலும் எடுக்கப்படும் முடிவைப் பற்றியவை என்பதால்தான் இவ்வறிக்கை அதை மட்டும் எடுத்துக்கொள்கிறது.

பிறந்த குழந்தைகளில் பெரும்பாலோர்க்கு வரும் மஞ்சள், கல்லீரல் இன்னும் பக்குவப்படாததால் மறைமுக பிலிரூபின் தேங்கி ஏற்படுவது. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகள் சிலருக்கு அது சில வாரம் நீடித்தாலும் தீங்கில்லை. பித்தநாள அடைப்பில் நிகழ்வது வேறு: கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தநீரைக் கொண்டுசெல்லும் நாளங்கள் அழற்சியால் இறுகி மூடிக்கொள்ள, கல்லீரல் பக்குவப்படுத்திய நேரடி பிலிரூபின் வெளியேற வழியின்றி இரத்தத்தில் ஏறுகிறது, மலம் நிறமிழக்கிறது, கல்லீரல் நாளுக்கு நாள் தழும்பேறிச் சுருங்குகிறது. ஜப்பானிய அறுவை மருத்துவர் மோரியோ கசாய் 1959-இல் வெளியிட்ட முறையில், மூடிய நாளங்களை அகற்றிக் கல்லீரலின் வாயிற்பகுதியில் சிறுகுடலின் ஒரு கண்ணியை நேரடியாக இணைத்துப் பித்தநீருக்கு வழி திறக்கப்படுகிறது. இந்த அறுவை 60 நாளுக்குள் நடந்தால் பித்தநீர் வடியும் வாய்ப்பு மிகுதி. நாள் தள்ளத் தள்ள அந்த வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். பித்தநீர் வடியாத குழந்தைக்குக் கல்லீரல் மாற்று ஒன்றே வழி. இந்தியாவில் வெற்றிபெற்ற முதல் குழந்தைக் கல்லீரல் மாற்று, 1998-இல் டெல்லியில், காஞ்சிபுரத்தைச் சேர்ந்த 20 மாதக் குழந்தைக்கு இதே நோய்க்காகத் தந்தையின் கல்லீரல் பகுதியைக் கொண்டு செய்யப்பட்டது. அந்த வழி இன்று தமிழ்நாட்டிலேயே திறந்திருப்பது பெரும் ஆறுதல் என்றாலும், வாழ்நாள் முழுதும் மருந்தும் பெருஞ்செலவும் கோரும் அதனை, தவிர்க்கக்கூடிய குழந்தைக்குத் தவிர்ப்பதே முறை.

அறுவைக்குப் பின் ஸ்டீராய்டு கொடுத்தால் பித்தநீர் நன்கு வடியும் என்ற நம்பிக்கை நெடுநாள் இருந்தது. 140 குழந்தைகளைக் கொண்டு அமெரிக்காவில் நடந்து 2014-இல் வெளிவந்த ஆய்வு, அதிக அளவு ஸ்டீராய்டால் புள்ளியியல் அடிப்படையில் உறுதியான பலன் இல்லையென்று காட்டியது. மருந்து தராத பலனைக் காலம் தருகிறது. குழந்தையின் மலத்தைப் படத்திலுள்ள நிறங்களோடு பெற்றோர் ஒப்பிட்டுப் பார்க்க உதவும் மலநிற அட்டையைத் தைவான் 2004-இல் நாடு முழுதும் வழங்கத் தொடங்கிய பின், மஞ்சள் நீங்கிச் சொந்தக் கல்லீரலோடு ஐந்தாண்டு வாழும் பித்தநாள அடைப்புக் குழந்தைகளின் விகிதம் 27.3 விழுக்காட்டிலிருந்து 64.3 ஆக உயர்ந்தது. இடைக்காலத்தில் அறுவை நுட்பமும் வளர்ந்திருக்கும் என்பதால் உயர்வு முழுவதையும் அட்டையின் கணக்கில் எழுத முடியாது, ஆயினும் அதன் பங்கு பெரிது. டெக்சாஸில் 1,24,385 குழந்தைகளுக்குப் பிறந்த சில நாளிலும், அளவு கூடியிருந்தோர்க்கு இரண்டு வாரத்தில் மீண்டும் நேரடி பிலிரூபின் பார்த்த ஆய்வு 2020-இல் வெளிவந்தது. அங்கே அறுவை நடக்கும் சராசரி வயது 56 நாளிலிருந்து 36 நாளாக இறங்கியது.

விரைவு எல்லா நோய்க்கும் பொருந்தும் விதியன்று என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். குறைமாதக் குழந்தைகளின் குடலிறக்கத்தை வீட்டுக்கு அனுப்பும் முன்பே சரிசெய்தோரைவிட, பிந்திச் சரிசெய்தோரிடம் கடும் பின்விளைவுகள் குறைவு என்று (28-க்கு 18 விழுக்காடு) 2024-இல் ஓர் ஆய்வு காட்டியது. பித்தநாள அடைப்பு அவ்வாறு காத்திருக்க விடாது.

இந்த வட்டாரத்தில் நாட்கள் எங்கே கரைகின்றன என்பது மருத்துவர்களுக்குத் தெரியாததன்று. காலை வெயில் காட்டினால் போதும் என்ற அறிவுரை, கீழாநெல்லி, சர்க்கரைத் தண்ணீர் என்று இரண்டு வாரம் போகிறது. பேறுகாலத்திற்குத் தாய்வீடு வந்த பெண், பிரசவம் ஒரு மருத்துவமனையிலும் தடுப்பூசி வேறோர் ஊரிலும் என்று அலைகையில், பிறந்த அன்று குழந்தையைப் பார்த்த கண் மீண்டும் பார்ப்பதில்லை. அடுத்த உறுதியான சந்திப்பு ஒன்றரை மாதத் தடுப்பூசி. அன்று கண்டறிந்தாலும் 60 நாள் எல்லைக்கு மிச்சம் இருப்பது இரண்டு வாரமே. ஆகவே அந்த ஊசி நாளில், மலம் எப்படிப் போகிறது என்று கேட்டு, "நல்லாத்தான் போகுது" என்ற விடையோடு நிற்காமல், குழந்தையின் துணியைப் பகல் வெளிச்சத்தில் விரித்துப் பார்க்க வேண்டும். வெளிறிய, சுண்ணாம்பு போன்ற மலமும், துணியில் மஞ்சள் கறை பதிக்கும் சிறுநீரும் (பச்சைக் குழந்தையின் சிறுநீர் நிறமற்று இருப்பதே இயல்பு) சேர்ந்திருந்தால் அடுத்த ஊசி வரை பொறுப்பது தவறு.

நேரடி பிலிரூபின் டெசிலிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் அது இயல்பன்று என்பது 2017-இன் பன்னாட்டு வழிகாட்டுதல். ஸ்கேனில் பித்தப்பை தெரிகிறது என்பதால் நோய் இல்லையென்று முடிவுகட்டக் கூடாது. நாளத்துக்குள் சாயம் செலுத்தி அறுவை மேசையில் எடுக்கும் எக்ஸ்ரேயே கடைசித் தீர்ப்பு. எம்எம்பி-7 என்ற இரத்தப் புரதத்தின் அளவைக் கொண்டு நோயைப் பிரித்தறியலாம் என்று 2017 முதல் வரும் ஆய்வுகள் நம்பிக்கையூட்டுகின்றன. ஆனால் அப்பரிசோதனைக்காகக் குழந்தையை நிறுத்திவைப்பது பொருந்தாது. பித்தநீர் குடலுக்கு வராதபோது வைட்டமின் கே உட்கிரகிக்கப்படாமல் மூளைக்குள் இரத்தக் கசிவு நேரலாம் என்பதால், வைட்டமின் கே ஊசியைப் போட்டபின்பே குழந்தையை அனுப்ப வேண்டும். திருப்பரங்குன்றத்திலிருந்து பத்துக் கிலோமீட்டருக்குள், மதுரை மக்கள் பெரியாஸ்பத்திரி என்று வழங்கும் அரசு இராஜாஜி மருத்துவமனையில் குழந்தை அறுவைத் துறை இருக்கையில், இடையில் வேறு நிறுத்தங்கள் தேவையில்லை.

மாநில அரசு, தாய் சேய் நல அட்டையிலேயே மலநிறப் பக்கமொன்றை அச்சிட வேண்டும் என்று இவ்வமைப்பு கோருகிறது. அப்பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தால் நிறம் பொய்யாகும் என்பதால், அச்சின் வண்ணம் சரிபார்க்கப்பட்டதாக இருக்க வேண்டும். மேல்சிகிச்சைக்கு அனுப்பும் கடிதத்தில் குழந்தையின் வயதை "ஒன்றரை மாதம்" என்று எழுதாமல், "43-ஆம் நாள்" என்று நாட்கணக்கில் எழுதும் வழக்கத்தை உறுப்பினர்கள் உடனே தொடங்க வேண்டும்.