பீரோ சாவியும் 12 வார்த்தைகளும்!

செமஸ்டர் எப்படிப் போச்சு? சரி சரி, அரியர் கதையை அடுத்த வாரம் வெச்சுக்கலாம். இந்த வாரம் கொஞ்சம் சீரியஸான மேட்டர். சாவு மேட்டர். 'இந்த வயசுல எதுக்குய்யா அபசகுனமா பேசறே?'ன்னு பக்கத்தைப் புரட்டிடாதீங்க. ஒரு டீ குடிக்கிற நேரம் குடுங்க, போதும்.

உங்க ஹாஸ்டல்ல நிச்சயமா ஒருத்தன் இருப்பான். பார்ட் டைம் வேலையில வந்த காசு, தாத்தா குடுத்த பொங்கல் காசு எல்லாத்தையும் பிட்காயின்ல போட்டு வெச்சிருப்பான். ராத்திரி ரெண்டு மணிக்கு விலை ஏறியிருக்கா, இறங்கியிருக்கான்னு போனைப் பார்த்துட்டுத்தான் தூங்குவான். வீட்டுல யாருக்கும் தெரியாது. தெரிஞ்சா, 'படிக்க அனுப்பினா சூதாட்டமாடா ஆடறே?'ன்னு அப்பா ஆரம்பிச்சுடுவார். அதனால பரம ரகசியம். அந்த 'ஒருத்தன்' நீங்களாவும் இருக்கலாம். ஒரு ஆயிரமோ, ஒரு லட்சமோ... எவ்வளவுன்னு நான் கேட்கலை.

நான் கேட்கிறது ஒண்ணே ஒண்ணுதான். நாளைக்கு பைக்ல போறப்போ உங்களுக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா, அந்தக் காசு யார் கைக்குப் போகும்?

'அம்மாவுக்குத்தான்'னு டக்குனு சொல்லுவீங்க. சட்டமும் கிட்டத்தட்ட அதைத்தான் சொல்லுது. இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-படி கல்யாணமாகாத பையன் உயில் எழுதாம இறந்துட்டா, அவனோட சொத்து முழுக்க அம்மாவுக்கு. அம்மா முதல் வகுப்பு வாரிசு, அப்பா இரண்டாம் வகுப்புதான். (ஆமா பாஸ், அப்பா வெயிட்டிங் லிஸ்ட்ல! இதை வீட்டுல சொல்லிக் கலவரம் பண்ண வேண்டாம்.) கல்யாணமாகாத பொண்ணா இருந்தா அம்மா, அப்பா ரெண்டு பேருக்கும் சேர்ந்து. முஸ்லிம், கிறிஸ்தவ நண்பர்களுக்குச் சட்டமும் கணக்கும் வேற.

'கிரிப்டோவைச் சொத்துன்னு யார் ஒத்துக்குவாங்க?'ன்னு கேட்டா, அதுக்கும் பதில் இருக்கு. 2025 அக்டோபர்ல நம்ம சென்னை உயர் நீதிமன்றமே ஒரு வழக்குல, கிரிப்டோ நாணயமும் ஒரு வகைச் சொத்துதான்னு சொல்லிடுச்சு. ஆக, உரிமை விஷயத்துல பிரச்னை இல்லை. பிரச்னை கைக்கு வர்றதுலதான்.

பேங்க் கணக்கை எடுத்துக்குங்க. உங்க பாஸ்வேர்டு, பின் நம்பர் எதுவும் அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். இறப்புச் சான்றிதழ், நாமினி பேரு, இல்லேன்னா தாசில்தார் ஆபீஸ்ல வாங்கின வாரிசுச் சான்றிதழ்... நாலு தடவை அலைய விடுவாங்க, மேனேஜர் லஞ்சுக்குப் போயிருப்பார், ஆனா கடைசியில பணம் வந்துடும். பத்து வருஷம் யாருமே கண்டுக்காம விட்ட டெபாசிட்கூட ரிசர்வ் பேங்க் நிதிக்குப் போய்ப் பத்திரமா இருக்கும். அதைத் தேடறதுக்காகவே 2023-ல 'உத்கம்'னு ஒரு இணையதளம் திறந்திருக்காங்க. வாரிசு எப்ப வந்து கேட்டாலும் கிடைக்கும்.

கிரிப்டோவுல இந்த மேனேஜர் இல்லை. அதுதான் அதோட பெருமையே! 'நடுவுல எவனும் கிடையாது, என் காசுக்கு நான்தான் ராஜா'ன்னு காலரைத் தூக்கி விட்டுக்கிறோம்ல... ராஜா போயிட்டா கஜானாவைத் திறக்க மந்திரிகூட இல்லைங்கிறதையும் சேர்த்துத்தானே சொல்லணும்?

இதுல ரெண்டு வகை இருக்கு. எக்ஸ்சேஞ்ச் ஆப்லயே காயினை விட்டு வெச்சிருந்தா, சாவி அந்தக் கம்பெனிகிட்ட இருக்கும். கிட்டத்தட்ட பேங்க் மாதிரி. வீட்டுக்காரங்க சான்றிதழ்களை எடுத்துட்டுப் போய்க் கேட்கலாம். ஆனா அப்படி ஒரு கணக்கு இருக்குன்னே தெரியலைன்னா எங்கே போய்க் கேட்பாங்க?

ரெண்டாவது வகை, சொந்த வாலட். இதை ஆரம்பிக்கும்போதே 12 அல்லது 24 இங்கிலீஷ் வார்த்தைகளைக் காட்டி 'எழுதி வெச்சுக்கோ'ன்னு சொல்லும். 2,048 வார்த்தைகள் உள்ள ஒரு பட்டியல்ல இருந்து குலுக்கி எடுத்தது அது. போன் உடைஞ்சாலும், தொலைஞ்சாலும் அந்த வார்த்தைகளை அதே வரிசையில வேற வாலட்ல போட்டா காசு வந்துடும். யார் போட்டாலும் வரும், அதான் விவகாரம். திருடன் போட்டாலும் வரும், அம்மா போட்டாலும் வரும். யாருமே போடலைன்னா யாருக்கும் வராது. ஒரு வார்த்தையை எலி கடிச்சுட்டாக்கூட, விவரம் தெரிஞ்சவன் 2,048 தடவை போட்டுப் பார்த்துக் கண்டுபிடிச்சுடுவான். தாளே போயிட்டா? சுப்ரீம் கோர்ட் ஆர்டர் குடுத்தாலும் அந்தப் பூட்டு திறக்காது.

நம்ம வீடுகள்ல என்ன நடக்கும்னு யோசிச்சுப் பாருங்க. பதினாறாம் நாள் காரியம் முடியும். போன் சும்மா கிடக்குதேன்னு தம்பிகிட்ட குடுப்பாங்க. லாக் திறக்கலைன்னு அவன் கடைக்கு எடுத்துட்டுப் போவான். கடைக்காரர் ஃபார்மேட் அடிச்சுக் குடுப்பார். மாசாமாசம் ரீசார்ஜ் எதுக்குன்னு சிம்மையும் விட்டுடுவாங்க. ஓ.டி.பி. வர்ற நம்பரும் போச்சு. யார் மேலயும் தப்பில்லை. அவங்களுக்கு அது வெறும் போன்.

இந்த விஷயத்தைப் பேசினா உலகம் முழுக்க எல்லாரும் சொல்ற கதை ஒண்ணு இருக்கு. அது முடிஞ்ச இடம் நம்ம ஜெய்ப்பூர்!

கனடாவுல 'குவாட்ரிகா சி.எக்ஸ்.'னு ஒரு எக்ஸ்சேஞ்ச். அந்த நாட்டுலயே பெருசு. அதை நடத்தினவர் ஜெரால்டு காட்டன். 2018-ல தேனிலவுக்காக இந்தியா வந்தவர், டிசம்பர் 9-ம் தேதி குடல் நோய் முற்றி ஜெய்ப்பூர்ல இறந்துட்டார். வயசு 30. அடுத்த மாசம்தான் செய்தி வெளியே வந்துச்சு. கூடவே இன்னொரு குண்டு. வாடிக்கையாளர்களோட கிரிப்டோ எல்லாம் இணையத்தோட ஒட்டாத 'கோல்டு வாலட்'கள்ல இருக்கு, சாவி அவர்கிட்ட மட்டும்தான் இருந்துச்சு, லேப்டாப் பாஸ்வேர்டு எனக்கே தெரியாதுன்னு மனைவி கோர்ட்ல சொன்னாங்க. சிக்கின தொகை, ரொக்கமும் கிரிப்டோவுமா சுமார் 25 கோடி கனடா டாலர்!

இதுல ஒரு கூத்து. சாகறதுக்கு 12 நாள் முன்னாடிதான் அந்த மனுஷன் உயில்ல கையெழுத்துப் போட்டிருக்கார். வளர்த்த ரெண்டு சிவாவா நாய்க்குட்டிகளைப் பார்த்துக்க ஒரு லட்சம் டாலர்னு அதுல எழுதியிருக்கார். சாவி எங்கேன்னு யாருக்கும் சொல்லலை.

'ஐயோ பாவம், பாஸ்வேர்டு போச்சே'ன்னு முதல்ல ஊரே உச்சுக் கொட்டுச்சு. அப்புறம் தணிக்கையாளர்கள் உள்ளே இறங்கிப் பார்த்தா, அந்த வாலட்கள் 2018 ஏப்ரல்ல இருந்தே கிட்டத்தட்ட காலி! பொய்ப் பேர்கள்ல கணக்கு ஆரம்பிச்சு, வாடிக்கையாளர் காசை வெச்சே சூதாடித் தோத்திருக்கார். இது மோசடிதான்னு 2020 ஜூன்ல ஒன்டாரியோ பங்குச் சந்தை ஆணையம் அறிக்கை குடுத்துச்சு. 'ஆள் நிஜமாவே செத்தாரா? தோண்டி எடுத்துப் பாருங்க'ன்னு காசு போட்டவங்களோட வக்கீல்கள் போலீஸுக்கு எழுதற அளவுக்குப் போச்சு. கடைசியில 2023-ல அவங்களுக்குக் கிடைச்சது நூத்துக்குச் சுமார் 13.

நான் இதுல மோசடியைவிட, அந்த மனைவியோட நிலைமையைத்தான் யோசிக்கிறேன். புருஷன் போன துக்கம் ஒரு பக்கம். 'நீயும் கூட்டா?'ங்கிற பார்வை ஒரு பக்கம். வாரிசா வந்ததுல சுமார் 1.2 கோடி டாலர் சொத்தைத் திருப்பிக் குடுக்க வேண்டியதாச்சு. சாவி ஒரே ஆளோட மண்டைக்குள்ள இருந்தா, அந்த ஆள் போனப்புறம் காசு தொலைஞ்சுதா, திருடு போச்சா, முதல்ல இருந்துச்சான்னே யாராலயும் சொல்ல முடியாது. பதில் சொல்ல வேண்டியவங்க மட்டும் உயிரோட இருப்பாங்க.

இப்ப இன்னொரு ஆளைப் பாருங்க. ஹால் ஃபின்னி. அமெரிக்கா, கலிஃபோர்னியா. பிட்காயினை உருவாக்கின, யாருன்னே இன்னிவரைக்கும் தெரியாத சதோஷி நகமோட்டோ, 2009 ஜனவரி 12-ல உலகத்துலயே முதல்முதலா இன்னொருத்தருக்கு பிட்காயின் அனுப்பினது இவருக்குத்தான். 10 காயின்! அப்ப அதுக்கு ஒரு டீகூடக் கிடைக்காது. வீட்டு கம்ப்யூட்டர்ல பிட்காயின் தோண்டிட்டிருந்தவர், மெஷின் சூடாகுது, ஃபேன் சத்தம் தாங்கலைன்னு ஆஃப் பண்ணிட்டாராம். (இதைப் படிச்சப்போ என் வயிறு எரிஞ்சது எனக்குத்தான் தெரியும்.)

அதே 2009-ல அவருக்கு ஏ.எல்.எஸ். நோய்னு டாக்டர்கள் சொல்லிட்டாங்க. ஸ்டீபன் ஹாக்கிங்குக்கு வந்த அதே நோய். கை, கால், பேச்சுன்னு ஒவ்வொண்ணா நின்னு போகும். மனுஷன் அசரலை. 2010 கடைசியில பிட்காயினுக்கு விலை வந்திருக்குன்னு தெரிஞ்சதும் பழைய வாலட்டைத் தேடி எடுத்தார். காயின்கள் அப்படியே இருந்துச்சு. பிள்ளைகளுக்கு உதவட்டும்னு இணையத்துல சேராத வாலட்டுக்கு மாத்தினார். 2013-ல, உடம்பு முழுக்கச் செயலிழந்த நிலையில, கண் அசைவை வெச்சே டைப் பண்ணி ஒரு கட்டுரை எழுதினார். காயின்கள் பேங்க் லாக்கர்ல இருக்கு, பையனுக்கும் பொண்ணுக்கும் கம்ப்யூட்டர் விவரம் தெரியும், அதனால எனக்கு நிம்மதின்னு அதுல சொல்லியிருக்கார். அடுத்த வருஷம் ஆகஸ்ட் 28-ல இறந்துட்டார்.

அவர் செஞ்சதுல ராக்கெட் சயின்ஸ் எதுவும் இல்லை, கவனிச்சீங்களா? ஒரு பெட்டி. எந்தப் பெட்டின்னு தெரிஞ்ச ரெண்டு பேர். அவ்வளவுதான்.

நம்ம வீட்டுக்கு வருவோம். எல்லா வீட்டு பீரோவுலயும் ஒரு மஞ்சப் பை இருக்கும். ஜவுளிக் கடைப் பை. அதுக்குள்ள எல்.ஐ.சி. பத்திரம், வீட்டு வரி ரசீது, ரேஷன் கார்டு ஜெராக்ஸ்னு ஒரு குடும்பத்தோட சரித்திரமே இருக்கும். உங்க கிரிப்டோவுக்கும் அதுல ஒரு தாள் போடுங்க. அந்தத் தாள்ல 12 வார்த்தைகளை எழுத வேண்டாம். 'எனக்கு இந்த எக்ஸ்சேஞ்ச்ல இந்த ஈமெயில்ல கணக்கு இருக்கு, இன்னொரு வாலட்டும் இருக்கு, அதோட வார்த்தைகள் இந்த இடத்துல இருக்கு, விவரம் புரியலைன்னா இந்த ஆளைக் கேளுங்க'ன்னு மட்டும், நல்ல தமிழ்ல, அம்மாவுக்குப் புரியற மாதிரி எழுதுங்க. வார்த்தைகள் இருக்கிற தாள் வேற இடத்துல இருக்கட்டும்: சித்தப்பா வீடு, அக்கா வீடு, பேங்க் லாக்கர், எங்கேயோ. போன்ல போட்டோ எடுத்து வைக்கிறது, வாட்ஸ்அப்ல உங்களுக்கே அனுப்பிக்கிறது எல்லாம் வேணாம் பாஸ்.

'ஆறு வார்த்தை அக்காகிட்ட, ஆறு வார்த்தை தம்பிகிட்ட'ன்னு சினிமா புதையல் மேப் மாதிரி கிழிச்சுக் குடுக்கலாமேன்னு தோணும். வேண்டாம். ரெண்டுல எது தொலைஞ்சாலும் மொத்தமும் போச்சு. உண்மையிலேயே பிரிக்கணும்னா, மூணு சாவியில எந்த ரெண்டு இருந்தாலும் திறக்கிற வாலட்கள் இருக்கு. பெரிய தொகைன்னா அதைப் பாருங்க. ரெண்டாயிரம் ரூபாய்க்கு அவ்வளவு ஆர்ப்பாட்டம் தேவையில்லை.

உயில் எழுதணுமா? 18 வயசு ஆகியிருந்தா எழுதலாம். வெள்ளைத் தாளே போதும், ரெண்டு சாட்சி கையெழுத்து வேணும், பதிவு செய்யறது உங்க இஷ்டம். ஆனா அதுலயும் அந்த வார்த்தைகளை எழுதிடாதீங்க. உயிலை நாலு பேர் படிப்பாங்க. படிக்கிறவன் எல்லாம் திறக்கலாம்.

வாங்கின விலைக்கான ரசீதையும் அந்தப் பையிலயே போட்டுடுங்க. வாரிசா வர்றப்போ வரி இல்லை. ஆனா வித்தா லாபத்துக்கு 30 சதவிகித வரி, 2022 ஏப்ரல்ல இருந்து. வாங்கின விலையைத் தவிர வேற எதையும் கழிக்க விடமாட்டாங்க. எவ்வளவுக்கு வாங்கினீங்கன்னு உங்களுக்கு மட்டும்தானே தெரியும்?

அப்புறம் உங்க கூகுள் கணக்குக்குள்ள போய், இத்தனை மாசம் நான் திறக்கலைன்னா இன்னாருக்குத் தகவல் சொல்லுன்னு ஒரு வசதி இருக்கு, போட்டு வெச்சுடுங்க. அஞ்சு நிமிஷ வேலை.

எல்லாத்துலயும் கஷ்டமான வேலை அம்மாகிட்ட சொல்றதுதான். 'மஞ்சப் பையில ஒரு கவர் வெச்சிருக்கேன்மா'ன்னு ஆரம்பிச்சாலே, 'என்னடா, ஏதாவது வம்புல மாட்டிக்கிட்டியா?'ன்னு கேட்பாங்க. ரெண்டு நாள் முகத்தையே உத்துப் பார்ப்பாங்க. அப்பாவுக்கு விஷயம் போகும், அர்ச்சனை நடக்கும். வாங்கிக்குங்க. வாங்கி முடிச்சதும் மறக்காம இன்னொண்ணையும் சொல்லிடுங்க. 'போகிக்கு பீரோவைச் சுத்தம் பண்றப்போ பழைய தாள்னு அந்தக் கவரைத் தூக்கிப் போட்டுடாதீங்க!' வேல்ஸ்ல நியூபோர்ட்டுங்கிற ஊர்ல ஒருத்தரோட 8,000 பிட்காயினுக்கான சாவி இருந்த ஹார்டு டிஸ்க், 2013-ல இப்படித்தான் வீட்டுக் குப்பையோட போச்சு. குப்பைக் கிடங்கைத் தோண்ட அனுமதி கேட்டு மனுஷன் பத்து வருஷத்துக்கு மேல அலைஞ்சார். 2025 ஜனவரியில கோர்ட்டும் வழக்கைத் தள்ளுபடி பண்ணிடுச்சு.