கயிறு பிடிப்பவர்

தூத்துக்குடிக் கடலில் முத்துக் குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு ஓய்ந்தது. அதைப் பற்றிய பேச்சு மட்டும் கடற்கரைத் தெருக்களில் ஓயவில்லை. கல்லின் பாரத்தோடு முத்துக் குளிப்பவர் கடலுக்குள் இறங்குவார். தோணியில் நின்று அவருடைய கயிற்றைப் பிடிக்க ஒருவர் வேண்டும். அதற்கு மைத்துனரைத்தான் அமர்த்துவார்கள் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. காரணத்தை நம் சகோதரிகளுக்கு விளக்க வேண்டுமா? கயிற்றின் மறுமுனையில் இருப்பது அவருடைய அக்காளின் தாலி அல்லவா!

டென்னிஸ் இரட்டையர் ஆட்டமும் இப்படிப்பட்ட கயிற்றுத் தொழில்தான். ஆனால் அங்கே மைத்துனர் கிடைப்பதில்லை!

பெரிய பந்தயங்களில் இடம் கொடுக்கும்போது, ஜோடியில் உள்ள இருவரின் தரவரிசை எண்களையும் கூட்டிப் பார்க்கிறார்கள். தொகை குறைவாக இருந்தால்தான் கதவு திறக்கும். எண்பதாவது இடத்தில் இருப்பவர், நாற்பதாவது இடத்துக்காரரைத் துணையாகப் பிடிக்கிறார் என்று வையுங்கள். அடுத்த வாரமே அந்தத் துணையை இருபதாவது இடத்துக்காரர் அழைத்துக்கொண்டு போய்விடலாம். கோபித்துக்கொள்ள முடியுமா? அவருக்கும் குடும்பம் உண்டு. ஜெயித்தால் பரிசுப் பணம் இரண்டு பங்கு. தோற்றால் விமானச் செலவு அவரவர் தலையில்!

நம் தமிழ்நாட்டு ஜீவன் நெடுஞ்செழியன் 2017 ஜனவரியில், ரோகன் போபண்ணாவுடன் சேர்ந்து சென்னை ஓப்பன் பட்டத்தை வென்றார். இனி ஏறுமுகம்தான் என்று யாருக்கும் தோன்றும். ஆனால் அந்தத் தரத்தில் அடுத்த பட்டம் கிடைக்க ஏழு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 2024 செப்டம்பரில், சீனாவின் ஹாங்ஜோ நகரில், இன்னொரு தமிழரான விஜய் சுந்தர் பிரசாந்துடன் களம் இறங்கினார். பிரசாந்தோ முப்பது வயதைத் தாண்டியும் அந்தத் தரத்தில் ஒரு பட்டமும் காணாதவர்.

இறுதி ஆட்டத்தில் எதிரே ஜெர்மானிய ஜோடி. முதல் செட் 4-6 என்று கைவிட்டுப் போயிற்று. இரண்டாவது செட்டை 7-6 என்று மயிரிழையில் பிடித்தார்கள். இந்தத் தரத்து இரட்டையர் ஆட்டங்களில் மூன்றாவது செட் முழுதாக நடப்பதில்லை. பத்துப் புள்ளிதான் கணக்கு. அதை 10-7 என்று முடித்துப் பட்டத்தைத் தூக்கினார்கள்.

முத்தின் விலையைக் கேட்பவர்கள் கயிறு பிடித்தவரின் பெயரைக் கேட்பதில்லை. விளையாட்டுப் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில் இரட்டையர் முடிவுகள் வரும். அடுத்த முறை அதையும் ஒரு பார்வை பாருங்கள், சகோதரிகளே! வீட்டில் கயிறு பிடிக்கும் சிரமம் உங்களுக்குத் தெரியாததா?