முதல் ஊசி யாருக்கு?

(இரண்டாமாண்டு, இளம் அறிவியல் – வேதியியல்)

'ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்' என்றொரு பழமொழி நம்மிடையே வழங்குகிறது. 'பேரை அல்ல, வேரை' என்று திருத்திச் சொல்லும் பெரியவர்களும் உண்டு. ஆயிரம் மூலிகை வேர்களைப் பறித்து அரைத்துப் பழகியவனே பாதி வைத்தியன் ஆவான் என்பது அவர்கள் கூறும் விளக்கம். எது சரியான பாடம் என்பதைத் தமிழ்த்துறைப் பேராசிரியப் பெருமக்கள் கூறட்டும். கைப்பழக்கமின்றி வைத்தியம் இல்லை என்பதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன. அந்தப் பழக்கத்தை வேரில் பெறுவதா, பேரில் பெறுவதா என்பதே நம்முன் நிற்கும் கேள்வி.

ஒரு மருத்துவ மாணவர் தம் வாழ்நாளில் போடும் முதல் ஊசி யாரோ ஒருவருடைய கையில் ஏறத்தான் வேண்டும். அந்த யாரோ ஒருவர் யார்? வசதி படைத்தவர் கைராசிக்காரர் என்று பெயரெடுத்த மருத்துவரைத் தேடிப் போய்விடுகிறார். மேச்சேரிப் பக்கத்தில் செம்மறியாடு மேய்ப்பவரும், தறி ஓட்டுபவரும், லாரியில் கிளீனராகப் போகிறவரும் போய்ப் படுப்பது அரசு மருத்துவமனைக் கட்டிலில்தான். ஆகவே நாட்டின் மருத்துவர்களுக்குக் கைப்பழக்கம் கற்றுக்கொடுக்கும் உடல்கள் பெரும்பாலும் ஏழைகளின் உடல்கள். இதில் மாணவரைக் குறை கூறுவதற்கு ஒன்றுமில்லை. கற்காமல் மருத்துவர் எப்படி உருவாவார்? ஆனால் முதல் தடுமாற்றமும் உயிருள்ள உடலின்மீதுதான் நிகழவேண்டுமா?

நம் வேதியியல் ஆய்வுக்கூடத்தை எண்ணிப் பாருங்கள். பியூரெட்டிலிருந்து ஒரு சொட்டு கூடுதலாக விழுந்து நிறம் மாறிவிட்டால் என்ன செய்கிறோம்? குடுவையைக் கழுவிவிட்டு மீண்டும் தொடங்குகிறோம். ஒத்த அளவீடுகள் கிடைக்கும்வரை நம்மை யாரும் விடுவதில்லை. மனித உடலைக் கழுவிவிட்டு மீண்டும் தொடங்க முடியுமா? முடியாது. அதனால்தான் மருத்துவத்துக்கும் ஓர் ஒத்திகைக் கூடம் வேண்டும். உடலைப் போலச் செய்த பொம்மைகளில் ஊசி போடவும், மூச்சுக்குழாய் செருகவும், பிரசவம் பார்க்கவும் பழகும் இடம் அது.

இது மேல்நாட்டார் நேற்றுக் கண்டுபிடித்த புதுமையன்று. பழைய மருத்துவ நூலாகிய சுசுருத சம்ஹிதையில் இதற்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. பூசணி, சுரை, வெள்ளரி போன்ற காய்களில் அறுக்கப் பழகு. தாமரைத் தண்டில் நரம்பைத் திறக்கப் பழகு. தடித்த துணியிலும் தோலிலும் தையலிடப் பழகு. ஆள் உருவப் பொம்மையில் கட்டுப்போடப் பழகு என்று அது மாணவனைப் பணிக்கிறது. பிரான்சு நாட்டில் மதாம் து கூத்ரே என்னும் மருத்துவச்சி, 1759இல் மன்னர் பதினைந்தாம் லூயியின் ஆணை பெற்று, துணியால் செய்த பிரசவப் பொம்மையுடன் ஊர் ஊராகச் சென்று நாட்டுப்புறப் பெண்களுக்குப் பிரசவம் பார்க்கக் கற்பித்தார். 1960இல் நார்வே நாட்டுப் பொம்மைத் தொழிலதிபர் லேர்டால், நின்ற இதயத்தை அழுத்தி இயக்கப் பழகுவதற்காக 'ரெசசி ஆன்' என்னும் உருவத்தைச் செய்தளித்தார். காயும் துணியும் ரப்பருமாக மாறியது பொருள்தான், கருத்து ஒன்றே.

பொம்மையில் பழகினால் உயிர் பிழைக்குமா என்று கேட்கலாம். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் உள்ள சவுத்மீட் மருத்துவமனையில், பிரசவத்தின்போது குழந்தையின் தோள் சிக்கிக்கொள்ளும் ஆபத்தைச் சமாளிக்க, 2000ஆம் ஆண்டு முதல் பிரசவ அறை ஊழியர் அனைவருக்கும் பயிற்சி தந்தார்கள். அத்தகைய பிரசவங்களில் குழந்தை காயமுறுவது 100க்கு 9.3 என்றிருந்தது, 2.3 ஆகக் குறைந்ததாக 2008இல் ஆய்வு வெளியாயிற்று. ஏழை நாடான தான்சானியாவில், பிறந்தவுடன் மூச்சுவிடாத சிசுவுக்கு உதவும் பயிற்சியை 8 மருத்துவமனைகளில் அளித்தபின், முதல் 24 மணி நேரச் சிசு மரணம் 47 விழுக்காடு குறைந்தது என்று 2013இல் அறிவித்தார்கள்.

அதே தான்சானியா இன்னொரு பாடத்தையும் தருகிறது. ஹேடம் என்னும் கிராமப்புற மருத்துவமனையில் ஒருநாள் பயிற்சியால் மட்டும் பிரசவ அறையில் மாற்றம் விளையவில்லை. பொம்மையைப் பிரசவ அறையின் அருகிலேயே வைத்து, சில நிமிடமேனும் அடிக்கடி பழகத் தொடங்கிய பின்னரே மரணம் குறைந்தது. என் கருத்து முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது என்றால் மிகையாகாது.

நம் நாட்டில் சட்டத்துக்குக் குறைவில்லை. 2019இல் மாற்றியமைக்கப்பட்ட எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தின்படி மருத்துவக் கல்லூரிகளில் திறன் பயிற்சிக்கூடம் இருந்தாக வேண்டும். சேலத்தில் 1986 முதல் அரசு மருத்துவக் கல்லூரி உண்டு. 2022 ஜனவரியில் தமிழகத்தில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் நாமக்கல்லும் ஒன்று. ஆய்வுக்குழு வரும் நாளில் மட்டும் திறந்து துடைக்கப்படும் அறையாக எந்தக் கல்லூரியிலும் இக்கூடம் ஆகிவிடக் கூடாது. மாணவர் மாலையிலும் வந்து தாமாகப் பழகும் வண்ணம் அது திறந்திருக்க வேண்டும். மாணவருக்கு மட்டுமன்றி, ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியருக்கும், 108 வண்டியில் வருவோருக்கும் அங்கே இடம் வேண்டும். மேச்சேரிச் சாலையில் அடிபட்டவரை முதலில் தொடும் கை அவர்களுடையதன்றோ?

சேர்ந்து பழகுவதில் மற்றொரு நன்மையும் உண்டு. பிள்ளை பெற்றவளுக்கு உதிரம் நிற்கவில்லை என்றால், ஒருவர் வயிற்றை அழுத்திப் பிடிக்க வேண்டும். ஒருவர் மருந்து ஏற்ற வேண்டும். ஒருவர் இரத்தத்துக்குச் சொல்லியனுப்ப வேண்டும். ஒருவர் நேரம் குறிக்க வேண்டும். 'ஐயா, நேரம் போகிறது' என்று பெரிய மருத்துவரிடம் சொல்லும் துணிவு இளைய செவிலிக்கு வேண்டும். அந்தத் துணிவைப் புத்தகம் தராது, ஒத்திகைதான் தரும்.

அரசுப் பள்ளி மாணவருக்கு 2020 முதல் மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு கிடைத்திருக்கிறது. வீட்டில் மருத்துவரோ, வழிகாட்டும் படித்த உறவினரோ இல்லாத பிள்ளைகள் இன்று மருத்துவக் கல்லூரிக்குள் நுழைகிறார்கள். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவருக்கு, பலர் முன்னிலையில் 'எனக்குத் தெரியாது' என்று கூறும் கூச்சம் எத்தகையது என்பதை நம்மில் பலர் அறிவோம். பத்து முறை தவறினாலும் பொம்மை முகம் சுளிக்காது.

பொம்மை அழாது, வலிக்கிறது என்று சொல்லாது, அதனிடம் பரிவைக் கற்க முடியாது என்பது நியாயமான மறுப்பே. நோயாளியின் கட்டிலருகில் நின்று கற்பதற்கு ஈடாக எதுவும் ஆகாது. ஆனால் கை நடுக்கம் தீர்ந்து வருகிறவர்தாம் நோயாளியின் முகத்தைப் பார்த்துப் பேச முடியும். செலவு அதிகம் என்பாருக்குச் சுசுருதரின் பூசணிக்காயே விடை.

இறுதியாக நம் கல்லூரிக்கு ஒரு வேண்டுகோள். நின்ற இதயத்தை, நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 செ.மீ. ஆழத்துக்குக் குறையாமல் அழுத்த வேண்டும். இதைச் செய்ய மருத்துவராக இருக்கவேண்டியதில்லை, பழகியிருந்தால் போதும். நாட்டு நலப்பணித் திட்டத்தாரும் இளையோர் செஞ்சிலுவைச் சங்கத்தாரும் ஒரு பயிற்சிப் பொம்மையை வரவழைத்து, ஆண்டுக்கொரு முறையன்றி பருவந்தோறும் நம் அனைவரையும் பழக்க வேண்டும். ஆய்வுக்கூட உதவியாளர், விடுதிச் சமையற்காரர், காவலர் ஆகியோரையும் உடன் அழைக்க வேண்டும். ஆபத்து வரும்போது பக்கத்தில் இருக்கப்போவது நம்மில் யார் என்பதை யாரறிவார்?