பேர் போன ஆட்டம்

மலையகத்தில் 'பேர்' என்ற சொல்லுக்குத் தனிப் பொருள் ஒன்று உண்டு. ஒரு நாள் வேலைக்குச் செக்றோலில் விழும் பதிவே பேர். குறித்த நிறைக்குக் கொழுந்து கொடுத்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர், மலைக்குப் போகாவிட்டால் பேர் இல்லை.

அண்மையில் பதுளையில் ஒரு பரிசளிப்பு விழாவில் பின்வரிசையில் அமர்ந்திருந்தேன். மேடையில் ஒரு கனவான், "தோட்டத்துப் பிள்ளைகளிடம் விளையாட்டுப் பண்பாடு இல்லை" என்றார். கைதட்டலும் கிடைத்தது. இந்தப் பல்லவியை என் பத்திரிகை வாழ்க்கை முழுவதும் கேட்டிருக்கிறேன். இம்முறை எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன்.

எங்கள் மலைகளுக்கு விளையாட்டு புதிதன்று. இலங்கையில் றக்பியை வேரூன்றச் செய்தவர்களில் தோட்டத் துரைமார் முக்கியமானவர்கள். 1926இல் ஆளுநர் சர் ஹியூ கிளிபர்ட்டின் மனைவி வழங்கிய கிண்ணத்துக்குப் பிற்காலத்தில் கழகங்கள் மோதியபோது ஊவா, திம்புள்ளை, திக்கோயா என்று தேயிலை மாவட்டங்களின் பெயர்களிலேயே அணிகள் இறங்கின. சனிக்கிழமை மாலைகளில் துரைமார் ஆடினார்கள். லயத்தின் ஆள் எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்றான். ஆடச் சென்றதற்காக எந்தத் துரைக்கும் சம்பளம் வெட்டப்பட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

இதே ஆட்டத்துக்கு இங்கிலாந்தின் வடக்கே வேறொரு கதை உண்டு. சுரங்கத்திலும் ஆலையிலும் உழைத்தவர்கள் அங்கே றக்பி ஆடினார்கள். சனிக்கிழமை ஆடப் போனால் கூலி போகும். போன கூலியைக் கழகம் ஈடுசெய்யட்டும் என்று கேட்டார்கள். நாளொன்றுக்கு ஆறு ஷில்லிங். கனவான்களின் சங்கம் மறுத்தது: காசு வாங்கினால் விளையாட்டின் தூய்மை கெடுமாம்! 1895 ஆகஸ்ட் 29ஆம் திகதி ஹடர்ஸ்பீல்ட் நகர விடுதி ஒன்றில் கூடிய வடபகுதிக் கழகங்கள் தனிவழி போயின. இன்று றக்பி லீக் எனப்படும் பதின்மூவர் ஆட்டம் பிறந்தது அப்படித்தான். எங்கள் பாஷையில் சொன்னால், அது ஒரு பேருக்காக நடந்த போராட்டம். தூய்மை பேசிய மற்றச் சங்கம் தொழில்முறை ஆட்டத்தை ஏற்றுக்கொள்ளச் சரியாக நூறு ஆண்டுகள் எடுத்தது. 1995 ஆகஸ்டில்தான் இறங்கி வந்தது.

அந்தப் பிரிவினால் விளைந்தது என்ன என்பதற்கு ஒரு மனிதரைச் சொல்கிறேன். ரோய் பிரான்சிஸ், 1919இல் வேல்ஸில் பிறந்த கறுப்பினத்தவர். வேலையில்லாத் திண்டாட்டம் நிலைத்துவிட்ட பிரின்மோர் என்ற நிலக்கரி ஊரில் வளர்ந்தார். பதினேழு வயதளவில் விகன் கழகம் அவரைக் காசு கொடுத்து எடுத்தது. பின்னர் பாரோ, வாரிங்டன், ஹல். 1947இல் பிரித்தானிய அணிக்கு ஆடிய முதல் கறுப்பினத்தவர் ஆனார். அதற்கு முந்தைய ஆண்டு ஆஸ்திரேலியா சென்ற அணியில், அந்நாட்டின் நிறத்தடையை எண்ணி, அவரைச் சேர்க்கவில்லை. லீக்கிலும் பாகுபாடு இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் அவர் கதை அங்கே முடியவில்லை. ஆடி ஓய்ந்தபின் ஹல் கழகமே அவரைப் பயிற்றுநராக்கியது. 1956இலும் 1958இலும் அவரது அணி சம்பியனானது. லீட்ஸ் அணிக்கு 1968இல் சவால் கிண்ணத்தை வென்று கொடுத்தார். பின் சிட்னியிலிருந்து அழைப்பு வந்தது; ஒரு காலத்தில் அவரைக் கண்டு அஞ்சிய அதே ஆஸ்திரேலியா! ஆட்டத்தைப் படம்பிடித்துக் காட்டிப் பிழை திருத்தியவர் அவர். வீரர்களின் மனைவி மக்கள் ஆட்டத்துக்கு வர வாகனம் ஏற்பாடு செய்தவரும் அவரே. வீட்டில் அமைதி இல்லாதவன் களத்தில் ஓடமாட்டான் என்பது வறுமை அறிந்தவனுக்குத் தெரியும். 2023இல் பிரின்மோரில் அவருக்குச் சிலை எழுந்தது. ஆடும் காலத்திலும் ஆடி முடித்த காலத்திலும் அவருக்குச் சம்பளம் இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

இவ்வளவும் சொன்னபின், "முரளி வரவில்லையா?" என்பார்கள். வந்தார். 800 விக்கெட், பின் ஐதராபாத் அணியின் பந்துவீச்சுப் பயிற்றுநர். நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால் தோட்டத்துக்கு வந்தவர் அவருடைய பாட்டனார். தந்தையார் பிஸ்கட் தொழிற்சாலை நடத்தியவர். பேரன் கண்டி சென்ட் அந்தனிஸ் கல்லூரியில் படித்தார். முரளி வெளிவருவதற்கு ஒரு தலைமுறைக்கு முன்பே அந்தக் குடும்பம் செக்றோலிலிருந்து வெளிவந்துவிட்டது. என் வாதத்துக்கு அவரே சாட்சி.

விழா முடிந்து பஸ் நிலையத்தில் நின்றபோது ஒரு இளைஞர் பேச்சுக் கொடுத்தார். பசறைப் பக்கத்துத் தோட்டம். பாடசாலைக் காலத்தில் மாகாண மட்டம் வரை ஓடியவர். பின் இரண்டாண்டுகள் லயத்துப் பிள்ளைகளுக்கு மாலையில் பயிற்சி கொடுத்தவர். இப்போது கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறார்.

"ஏன் தம்பி விட்டீர்கள்?" என்றேன்.

"போட்டிக்குக் கூட்டிட்டுப் போனா அன்னைக்குப் பேர் இல்லைங்க ஐயா. மாசத்துல நாலு பேர் போனா அம்மா என்ன செய்யும்? கூட வர்ற தாய்மாருக்கும் அதே கதைதான்."

2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. 2025 நவம்பரில் வாசிக்கப்பட்ட பாதீடு அதை 1,550 ஆக்கி, வேலைக்கு வரும் நாளுக்கு 200 ரூபா ஊக்குவிப்பும் சேர்க்க முன்மொழிந்தது. நல்லது, வரவேற்கிறேன். ஆனால் மகளை வலய மட்டப் போட்டிக்கு அழைத்துச் செல்லும் தாய்க்கு அன்று அந்த இருநூறும் சேர்ந்தே போகும் என்பதை யாராவது எண்ணிப் பார்த்தார்களா?

நாட்டில் மற்றவர்களுக்கு இந்தச் சிக்கலைத் தீர்க்கத் தெரிந்திருக்கிறது. இராணுவம், கடற்படை, பொலிஸ் என்று சீருடைச் சம்பளம் வாங்கிக்கொண்டே றக்பி ஆடும் அணிகள் எத்தனை! அதை யாரும் தூய்மைக் கேடு என்பதில்லை. தேயிலைக் கம்பனிகள் மட்டும் ஏன் செய்யக் கூடாது? நான் கேட்பது பெரிதல்ல. வலயம், மாகாணம், தேசியம் என்று எந்த மட்டத்தில் ஆடினாலும், ஆடுபவருக்கும் அழைத்துச் செல்பவருக்கும் அன்றைக்கு முழுப்பேர் போடுங்கள். ஆடி ஓய்ந்த தோட்டத்து இளைஞர்களைத் தோட்டப் பாடசாலைகளில் சம்பளத்தோடு பயிற்றுநராக்குங்கள். தொழிற்சங்கத் தலைவர்கள் அடுத்த பேச்சுவார்த்தை மேசைக்குப் போகும்போது இந்த இரண்டையும் கோரிக்கையில் எழுதட்டும். எழுதாவிட்டால், மேடையில் பேசிய கனவானோடு அவர்களையும் சேர்த்தே நான் எழுத வேண்டிவரும்.

அந்தத் தம்பி இரவு ரயிலில் கொழும்புக்குத் திரும்ப வேண்டும் என்று விடைபெற்றார். மறுநாள் காலை கடை திறக்குமுன் போய்ச் சேராவிட்டால் அங்கேயும் அரைநாள் வெட்டாம்.