வெற்றிலையின் வண்ணத் தங்கை

கோலசிலாங்கூர், புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்ட வீடுகளின் அஞ்சடிக்கு ஏற்ற சிறு செடி பெப்பரோமியா. பச்சை இலையில் வெண்மஞ்சள் விளிம்பு. சிலவற்றில் சிவப்புக் கரை. வெற்றிலைக்கும் மிளகுக்கும் இது உறவு.

உறவாயிற்றே என்று வெற்றிலைக் கொடிக்கு ஊற்றுவதுபோல் தினமும் தண்ணீர் ஊற்றாதீர்கள். இதன் தடித்த இலையே நீரைச் சேமித்து வைக்கும். விரலை மண்ணில் ஓர் அங்குலம் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். ஈரம் தேங்கினால் வேர் அழுகும். மண்ணோடு மணலும் தேங்காய் நாரும் கலந்து, சிறிய பூச்சட்டியில் நடுங்கள். அக்டோபர், நவம்பர் மழையில் சாரல் படாமல் உள்ளே தள்ளி வையுங்கள்.

உச்சி வெயில் இலையைக் கருக்கும். இருட்டு மூலையில் நிறம் மங்கும். காலை வெளிச்சம் போதும். முழுப் பச்சையாய்க் கிளை வந்தால் கிள்ளிவிடுங்கள். அண்டை வீட்டுக்குக் கொடுக்க, தண்டை வெட்டி நடுங்கள். தனி இலையை நட்டால் பெரும்பாலும் வெறும் பச்சைச் செடிதான் வரும்.

ஒன்றை மறவாதீர்கள். சட்டியின் அடித்தட்டில் நீர் நின்றால் ஏடிஸ் கொசு முட்டையிடும். 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதம் உண்டு. அதைவிடக் கொடியது பிள்ளைக்கு வரும் டிங்கிக் காய்ச்சல். ஊற்றிய கையோடு தட்டைக் கொட்டிக் கவிழ்த்துவிடுங்கள்.