வந்தாரா? வந்தாளா?

 

சென்ற மாதம் இளையாத்தங்குடியில் மகள் வீட்டில் பத்து நாட்கள் தங்கியிருந்தேன். நகரத்தார் பெருமக்களின் ஒன்பது கோயில்களுள் ஒன்று அமைந்திருப்பதால் செட்டிநாட்டில் பலரும் அறிந்த சிற்றூர் அது. காலை வேளைகளில் வீட்டுத் திண்ணையில் என் பேத்தி 'பள்ளிக்கூடம்' நடத்துவாள். அவளுக்கு வயது ஐந்து. பாலர் வகுப்பில் படிக்கிறாள். துணிப் பொம்மை இரண்டு, தலையணை ஒன்று, அடுத்த வீட்டுச் சிறுவன் ஒருவன். இவர்களே அவளுடைய மாணவர்கள். சுவரில் மாட்டிய படத்தாளைக் குச்சியால் தொட்டுத் தொட்டு அவள் பாடம் சொல்லும் அழகே அழகு!

அன்றைய பாடம் 'நமக்கு உதவுவோர்'.

"இவங்க யாரு? டாக்டர். டாக்டர் வந்தாங்க, ஊசி போட்டாங்க. இவங்க யாரு? போலீஸ். போலீஸ் வந்தாங்க, திருடனைப் பிடிச்சாங்க. இவங்க தபால்காரர். கடுதாசி கொண்டு வந்தாங்க..."

அந்த நேரத்தில் தெருமுனையில் விசில் ஒலி கேட்டது. ஊராட்சியின் தூய்மைக் காவலர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். பாடத்தை நிறுத்திவிட்டுக் குழந்தை உள்நோக்கிக் கூவினாள்:

"நன்னீ! குப்பைக்காரி வந்துட்டா!"

எனக்குத் திடுக்கென்றது. மருத்துவர் 'வந்தாங்க'; காவலர் 'வந்தாங்க'; நம் வாசலின் அழுக்கை அள்ளிச் செல்லும் பெண்மணி மட்டும் 'வந்துட்டா'! அந்தப் பெண்மணிக்கு என் மகள் வயதுக்கு மேலிருக்கும். குழந்தையை அருகில் அழைத்து, "அப்படிச் சொல்லலாமா கண்ணு?" என்று கேட்டேன். அவள் வியப்போடு என்னைப் பார்த்துச் சொன்னாள்: "நீங்கதானே நன்னி நேத்துச் சொன்னீங்க?"

ஆம், நான்தான் சொன்னேன். என் நாவில் எத்தனையோ ஆண்டுகளாகக் குடியிருந்த சொல் அது. சொல்லும்போது உறுத்தியதில்லை. குழந்தையின் வாயிலிருந்து கேட்டபோதுதான் உறுத்தியது.

விளையாட்டா, கல்வியா?

'பாலர் வகுப்பில் என்ன படிப்பு? ஆட்டமும் பாட்டும்தானே!' என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். குழந்தை வீடு திரும்பியதும், "இன்று என்ன எழுதினாய்?" என்று கேட்கிறோம். "களிமண்ணில் உருண்டை பிடித்தேன்" என்று அது சொன்னால் நம் முகம் வாடிவிடுகிறது.

அந்த உருண்டையில் ஒரு பெரிய பாடம் இருக்கிறது. எழுதுகோலைப் பிடிப்பதற்குக் கட்டை விரல், சுட்டு விரல், நடு விரல் ஆகிய மூன்றும் ஒத்துழைக்க வேண்டும். மூன்று வயதில் அந்தச் சிறு தசைகள் முழு வலிமை பெற்றிருக்கமாட்டா. மண் பிசைவதும், மணி கோப்பதும், காகிதம் கிழித்து ஒட்டுவதும் விரல்களை எழுத்துக்கு ஆயத்தம் செய்கின்றன. புளியங்கொட்டையை ஒவ்வொன்றாகக் குழியில் இடும் குழந்தை, 'ஒரு குழிக்கு ஒரு கொட்டை' என்று எண்ணிக்கையின் அடிப்படையைக் கைகளாலேயே கற்றுக்கொள்கிறது. ஒரு குவளையிலிருந்து மற்றொன்றுக்குச் சிந்தாமல் நீரை ஊற்றும்போது அதன் கண்ணும் மணிக்கட்டும் கவனமும் ஒன்றுபடுகின்றன. வட்டமாக அமர்ந்து, தன் முறை வரும்வரை காத்திருந்து பேசுவதும் பாடமே. பெரியவர்களான நமக்கே இன்னும் முழுமையாக வராத பாடம்!

இதனை உலகுக்கு உணர்த்தியவர்களுள் முதன்மையானவர் ஜெர்மானிய அறிஞர் ஃபிரோபெல். 1837-இல் பிளாங்கன்பர்க் என்னும் ஊரில் சிறு குழந்தைகளுக்கென ஒரு நிலையம் தொடங்கினார். 1840-இல் அதற்கு அவர் இட்ட பெயர்தான் 'கிண்டர்கார்டன்', அதாவது குழந்தைத் தோட்டம். பந்தும் மரக்கட்டைகளுமே அங்கு முதற் பாடக் கருவிகள்.

அடுத்தவர் இத்தாலியப் பெண் மருத்துவரான மரியா மாண்டிசோரி அம்மையார். 1907-இல் ரோம் நகரில் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். பெருக்குவது, துடைப்பது, பாத்திரம் அடுக்குவது, பொத்தான் போடுவது போன்ற அன்றாட வேலைகளையே அவர் பாடமாக அமைத்தார். குழந்தையின் கைக்கேற்ற சிறு துடைப்பம் அவருடைய வகுப்பறைக் கருவிகளுள் ஒன்று. இந்த அம்மையார் நம் தமிழகத்தில் வாழ்ந்தவர் என்பது பலருக்குத் தெரியாது. 1939-இல் சென்னை அடையாற்றுக்கு ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க வந்தார். இரண்டாம் உலகப் போரின் காரணமாக இந்தியாவிலேயே தங்க நேர்ந்து, கொடைக்கானலிலும் சில காலம் குழந்தைகளோடு வாழ்ந்து, 1946-இல் ஐரோப்பா திரும்பினார். பின்னர்க் காரைக்குடியில் வள்ளல் அழகப்பச் செட்டியார் எழுப்பிய கல்வி நிலையங்களுள் அவர் பெயரால் அமைந்த மழலையர் பள்ளியும் ஒன்று.

முற்றத்துக்கு வந்த பள்ளி

செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் கிட்டிய இக்கல்வியை ஏழையின் முற்றத்துக்குக் கொண்டு வந்தவர்களுள் மராட்டியத்தைச் சேர்ந்த தாராபாய் மோடக் அம்மையார் குறிப்பிடத்தக்கவர். 1945-இல் போர்டி என்னும் கடலோர ஊரில் பணியைத் தொடங்கினார். பின்னர்க் கோஸ்பாட்டில் பழங்குடி மக்களிடையே அதனைத் தொடர்ந்தார். பள்ளிக்கு வர இயலாத குழந்தைகளைத் தேடிப் பள்ளியே சென்றது. விதை, இலை, கூழாங்கல், ஓலை என்று சுற்றுப்புறத்தில் கிடைத்தவையே பாடக் கருவிகளாயின.

1975 அக்டோபர் 2-ஆம் நாள் ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் 33 வட்டாரங்களில் தொடங்கப்பட்டு, அங்கன்வாடி நாடெங்கும் பரவிற்று. 'அங்கணம்' என்றால் முற்றம். தமிழ்நாட்டில் 1982 ஜூலை 1 முதல் சத்துணவுத் திட்டம் இரண்டு வயது நிரம்பிய குழந்தைகளையும் உணவுக்காக மையங்களுக்கு அழைத்து வந்தது. இப்போது 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்ற பாடத்திட்டம் நம் அங்கன்வாடிகளில் உண்டு. 2019 ஜனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இயங்கும் 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பெற்றன.

இவ்வளவையும் சொல்வதற்குக் காரணம் உண்டு. சிறு குழந்தை கேட்டுக் கற்பதைவிடப் பார்த்தும் செய்தும் கற்பதே மிகுதி என்பதுதான் இந்த அறிஞர்கள் அனைவரும் கண்ட உண்மை. எண்ணுக்கும் எழுத்துக்கும் பொருந்தும் அது, மரியாதைக்கும் பொருந்தும். படத்தாளில் இருப்பது ஒரு பாடம். வாசற்படியில் நாம் பேசுவது மற்றொரு பாடம். இரண்டும் முரண்பட்டால் குழந்தை எதனை எடுத்துக்கொள்ளும்? என் பேத்தியே விடை சொல்லிவிட்டாள்.

படத்தில் இல்லாதவர்கள்

அந்தப் படத்தாளை நான் நிதானமாகப் பார்த்தேன். மருத்துவர், செவிலியர், காவலர், தீயணைப்பு வீரர், ஆசிரியர், தபால்காரர் ஆகியோர் பளிச்சென்ற சீருடையில் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நல்லது. நம் ஊர் இவர்களால் மட்டுமா இயங்குகிறது?

ஆத்தங்குடியில் கண்ணாடிப் பலகையின் மீது வண்ணக் குழம்பை ஊற்றி, மணலும் சிமெண்டும் இட்டு, ஒவ்வொரு கல்லாகக் கையால் செய்யும் தொழிலாளி படத்தில் இல்லை. அவர் செய்த தளத்தில்தான் செட்டிநாட்டுக் குழந்தை தவழ்கிறது. காரைக்குடிக் கண்டாங்கிச் சேலைக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதனை நெய்தவர் படத்தில் இல்லை. ஊருணியைத் தூர் வாரி மழை நீருக்கு வழி செய்பவர் இல்லை.

நம் ஜமாஅத்தையே எண்ணிப் பாருங்கள். அதிகாலையில் பள்ளிவாசலைத் திறந்து, ஹவுளை நிரப்பி, பாங்கு சொல்லும் மோதினார்; ரமலானில் நம் பிள்ளைகள் உறங்கும்போதே எழுந்து நோன்புக் கஞ்சிக்கு அரிசி களைபவர்; ஸஹருக்கு எழுப்பத் தப்ஸ் தட்டி வரும் பக்கிர்சா; கபுறுக்குழி வெட்டுபவர்; நம் தாய்மாரின் மய்யித்தைக் குளிப்பாட்டிக் கஃபனிடும் அம்மையார். இவர்கள் இல்லாமல் நம்மில் எவருக்கேனும் வாழ்வும் மரணமும் ஒழுங்காக நடந்தேறுமா?

வகுப்பறைக்குள்ளேயே ஒருவர் இருக்கிறார். வீடு வீடாகச் சென்று குழந்தைகளை அழைத்து வந்து, மூக்கைத் துடைத்து, உணவு சமைத்து, கழிப்பறைக்குக் கூட்டிச் சென்று, கால் கழுவிவிடும் ஆயாம்மா. படத்தாள் தொங்கும் அதே சுவரருகில்தான் நாள் முழுவதும் நடமாடுகிறார். ஆயினும் படத்தில் அவருக்கு இடமில்லை! அங்கன்வாடிப் பணியாளரும் உதவியாளரும் பணிக்கொடைக்கு உரியவர்களே என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2022 ஏப்ரலில்தான். திட்டம் தொடங்கி 46 ஆண்டுகளுக்குப் பின்!

2020-இல் 'துப்புரவுப் பணியாளர்' என்ற பெயரைத் 'தூய்மைப் பணியாளர்' என்று தமிழக அரசு மாற்றிற்று. ஆணை போட்டுப் பெயரை மாற்றலாம். நம் நாவின் விகுதியை எந்த அரசு மாற்றும்? அதனை நாம்தான் மாற்ற வேண்டும்.

பள்ளிவாசலைப் பெருக்கிய பெண்மணி

மதீனத்துப் பள்ளிவாசலைப் பெருக்கி வந்த ஒரு பெண்மணியைப் பற்றிப் புகாரியிலும் முஸ்லிமிலும் ஹதீஸ் உண்டு. அவரைச் சில நாட்களாகக் காணாத நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அவர் எங்கே என்று விசாரித்தார்கள். அவர் இறந்துவிட்டதாகத் தோழர்கள் கூறினர். அவருடைய மரணத்தை அண்ணலாருக்கு அறிவிக்கும் அளவுக்குப் பெரிய செய்தியாகத் தோழர்கள் கருதவில்லை. 'எனக்கு ஏன் சொல்லவில்லை?' என்று வினவிய அண்ணலார், அவருடைய கபுறைக் காட்டச் சொல்லி, அங்கு சென்று அவருக்காகத் தொழுதார்கள்.

சகோதரிகளே! ஒரு நாட்டின் தலைவர், ஒரு சமுதாயத்தின் வழிகாட்டி, தரை பெருக்கிய ஒரு பெண்ணைக் காணவில்லையே என்று தேடுகிறார். நம் தெருவைப் பெருக்குபவர் ஒரு வாரம் வரவில்லையென்றால் நாம் எதைத் தேடுகிறோம்? அவரையா? குப்பை கிடப்பதையா?

பத்தாண்டுகள் அண்ணலாருக்குப் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்கள், தம்மை ஒருமுறைகூட நபிகளார் கடிந்துகொண்டதில்லை என்று நினைவுகூர்கிறார்கள். நபி ஸகரிய்யா (அலை) தச்சர் என்றும், நபி தாவூத் (அலை) தம் கை உழைப்பில் உண்டவர் என்றும் ஹதீஸ்களில் காண்கிறோம். 'உதவுவோர்' பாடம் நடத்த இவற்றைவிடச் சிறந்த கதைகள் நமக்கு வேண்டுமா?

வீட்டில் செய்யக் கூடியவை

பெரிய செலவு எதுவும் இல்லை.

குழந்தையின் முன்னிலையில் எவரைக் குறித்துப் பேசினாலும் 'வந்தார்', 'சொன்னார்' என்றே பேசுவோம். வேலைக்கு வரும் அம்மாவை அக்கா, சாச்சி, பெரியம்மா என்று வயதுக்கேற்ற உறவுப் பெயர் சொல்லி அழைக்கக் குழந்தைக்குக் கற்பிப்போம்.

மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் குழந்தையின் கையாலேயே பிரிக்கச் செய்வோம். வாழைப்பழத் தோல் ஒரு கூடை. மிட்டாய் உறை மற்றொரு கூடை. வகைப்படுத்தும் பயிற்சியை வகுப்பில் மணிகளை வைத்துச் செய்கிறார்கள். வீட்டில் இதனை வைத்துச் செய்யலாம். உடைந்த கண்ணாடியை மட்டும் பெரியவர்களே தனியாகக் காகிதத்தில் சுற்றி, சொல்லிக் கொடுக்க வேண்டும். எடுப்பவர் கையும் நம் கை போன்றதுதான் என்பது குழந்தைக்குப் புரியும்.

சிறு துடைப்பம் ஒன்று வாங்கிக் கொடுங்கள். பெண் குழந்தைக்கு மட்டுமன்று, ஆண் குழந்தைக்கும்தான். ஒரு நாள் முற்றத்தைப் பெருக்கிப் பார்த்த பிள்ளை, பெருக்குபவரை இழிவாகப் பேச எளிதில் துணியாது.

மாதம் ஒரு முறை குழந்தையைப் பள்ளிவாசலுக்கு அழைத்துச் செல்லும் அத்தாமார்கள், மோதினாருக்குக் குழந்தையை ஸலாம் சொல்ல வைக்கட்டும். பெருநாளன்று பிரியாணி சட்டி இறங்கியதும், மீந்ததை அல்ல, முதலில் எடுத்ததில் ஒரு பங்கைத் தெருவைத் தூய்மை செய்பவர் வீட்டுக்குக் குழந்தையின் கையாலேயே கொடுத்தனுப்புவோம்.

மறுநாள் திண்ணையில்

மறுநாள் விசில் கேட்டதும் நானும் பேத்தியும் வாசலுக்குச் சென்றோம். ஒரு செம்பில் தண்ணீர் கொண்டு போனோம். "உங்க பேரு என்னம்மா?" என்று கேட்டேன். பத்தாண்டுகளாக இத்தெருவுக்கு வருகிறாராம். அவர் பெயரை இதுவரை எங்கள் வீட்டில் எவரும் கேட்டதில்லை. சொன்னார். அவரிடம் அனுமதி கேட்கவில்லை என்பதால் அப்பெயரை இங்கு எழுதவில்லை. தண்ணீரைக் குடித்துவிட்டுப் பேத்தியின் கன்னத்தைத் தொட வந்தவர், தம் கையைப் பார்த்துப் பின்வாங்கினார். அந்தப் பின்வாங்கல் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. அதனை அவருக்குக் கற்பித்தவர்களில் நானும் ஒருத்தி அல்லவா?

அன்று மாலை திண்ணைப் பள்ளியில் புதிய படம் ஒன்று தொங்கிற்று. என் பேத்தி வரைந்தது. வட்டமாக ஒரு முகம். அதன் அருகே சக்கரம் மட்டும் மிகப் பெரிதாய் ஒரு வண்டி.

"இவங்க யாரு?" என்று கேட்டான் அடுத்த வீட்டுச் சிறுவன்.

பேத்தி பெயரைச் சொன்னாள். பிறகு சொன்னாள்: "காலையில வந்தாங்க. நாளைக்கும் வருவாங்க."